மகள் காட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாளா? திருப்பூர் அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூவில் கணிதத்தோடு உயிரியலும் படிக்கும் உங்கள் மகள், முக்கூர்த்தி போன்ற காட்டில்தான் வேலை பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "பி.காம் சேர்த்துவிடுகிறேன், காட்டை லீவில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது உங்கள் யோசனை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இந்திய வனப்பணித் தேர்வு எழுத விலங்கியல், தாவரவியல், வனவியல், புள்ளியியல் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் ஒன்றிலோ பொறியியலிலோ பட்டம் இருக்க வேண்டும். பி.காம் படித்தால் 21 வயதில் அந்தக் கதவு மூடியிருக்கும். அப்போது அவள் மனம் மாறவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

சரி, அந்தக் காட்டில் அப்படி என்ன வேலை இருக்கிறது? முக்கூர்த்தி நீலகிரியின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. சுமார் 78 சதுர கிலோமீட்டர். சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும் மேட்டுநிலம். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் இடம். வரையாட்டுக்காகவே 1990-இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஊட்டிக்கு வரும் கூட்டம் அங்கே போக முடியாது. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் முகாமில் தங்கி, மழையிலும் பனியிலும் ரோந்து போகிறார்கள்.

அங்கே உள்ள பெரிய தலைவலி வேட்டைக்காரர்கள் மட்டுமில்லை, மரங்களும்தான். தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளிகளில் வெளிநாட்டுச் சீகை (வாட்டில்) மரங்களை நட்டார்கள். அவை பரவிப் புல்லை மூடின. புல் போனால் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை. வெட்டினால் அடிமரம் துளிர்க்கிறது. மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும் விதையும் முளைக்கிறது. அதனால் ஒரே சரிவுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கன்றைப் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை மறுபடி கொண்டுவர வேண்டும். காட்டைக் காப்பது என்பதில் பெரும்பகுதி இந்த மாதிரி வேலைதான், புகைப்படத்தில் வராத வேலை. உங்கள் மகளுக்கு இது தெரியுமா என்று கேளுங்கள்.

அப்புறம் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் வரையாடுகள் 2024-இல் 1,031 என்றும் 2025-இல் 1,303 என்றும் கணக்கு வந்தது. கூடியது குட்டிகளா, தேடிய இடங்களா, அன்று மூடுபனி இல்லாததா என்று பிரித்துச் சொல்லப் புள்ளியியல் தெரிந்த ஆள் வேண்டும். காடு பிடிக்கும் என்பதற்காகக் கணிதத்தை விட்டுவிடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அவளை விடவிடாதீர்கள்.

படிப்பு என்று பார்த்தால், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் நான்கு ஆண்டு வனவியல் பட்டத்துக்குத்தான் என் முதல் ஓட்டு. உங்கள் ஊரிலிருந்து பக்கம், வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. கட்-ஆஃப் எட்டவில்லை என்றால் பி.எஸ்சி விலங்கியலோ தாவரவியலோ போதும், குறைவாக நினைக்க வேண்டாம். மேல்படிப்புக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் (என்.சி.பி.எஸ்.) இருக்கின்றன. அவற்றில் இடம் மிகக் குறைவு, போட்டி கடுமை.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆராய்ச்சிப் பக்கம் போனால் முதல் சில ஆண்டுகள் திட்ட வேலைதான். திட்டம் முடிந்தால் சம்பளமும் நிற்கும். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நிலையான வேலை வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வனச்சரகர் அல்லது உதவி வனப் பாதுகாவலர், யு.பி.எஸ்.சி. வழியாக இந்திய வனப்பணி. பட்டம் படிக்கும்போதே இந்தத் தேர்வுகளுக்கும் தயாராகச் சொல்லுங்கள். ஆராய்ச்சியா, அரசுப் பணியா என்பதைப் பிறகு அவள் முடிவு செய்யட்டும்.

"பொம்பளப் பிள்ளை தனியாகக் காட்டிலா?" என்ற பயம் எனக்குப் புரிகிறது. இந்திய வனப்பணிக்குள் 1980-லேயே பெண்கள் வந்துவிட்டார்கள். வனக்காப்பாளர்களாகவும் பெண்கள் வேலை செய்கிறார்கள். களத்துக்குப் பெரும்பாலும் குழுவாகத்தான் போவார்கள். உடல் பலம் மட்டும் கட்டாயம். வனப்பணித் தேர்வில் பெண்கள் நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். அதற்கு இப்போதிருந்தே நடக்கலாம்.

ஆசை உண்மையா என்று சோதிக்க முக்கூர்த்தி வரை போக வேண்டாம். திருப்பூரிலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது. பொதுத்தேர்வு முடிந்ததும் வாரம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, ஒரே கரையில் ஒரு மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி எழுதட்டும். முதல் வாரம் யாருக்கும் பிடிக்கும். புதிதாக ஒரு பறவைகூட வராத வாரத்திலும் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாளா என்று பாருங்கள். நீங்களும் ஒரு நாள் கூடப் போங்கள், அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியும்.

மதிப்பெண் வந்ததும் எழுதுங்கள். கட்-ஆஃப் பார்த்து, எந்தக் கல்லூரிக்கு முதலில் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யலாம்.