கேமன் தீவு வேலை: எந்த டாலரில் பள்ளிக் கட்டணம்?

கேள்வி: சென்னையில் ஆடிட்டராக இருக்கிறேன். கரீபியக் கடலில் இருக்கும் கேமன் தீவுகளில் பெரிய தீவான கிராண்ட் கேமனில் 3 வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வருமான வரி கிடையாது என்பதால் நன்றாக மிச்சம் பிடிக்கலாம் என நினைக்கிறேன். மகளுக்கு 10 வயது. அமெரிக்கப் பாடத்திட்டமா, பிரிட்டிஷ் பாடத்திட்டமா? அரசுப் பள்ளியில் சேர்த்தால் செலவு குறையுமா?

பதில்: அரசுப் பள்ளியைக் கணக்கிலேயே வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் கேமன் குடிமக்களின் பிள்ளைகளுக்கானவை. ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்கள் வழக்கமாகத் தனியார் பள்ளியைத்தான் நாட வேண்டியிருக்கும். வரியில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு கட்டணத்துக்கே போய்விடும்.

அதனால் பள்ளியைத் தேடுமுன் ஆஃபர் லெட்டரை எடுங்கள். கல்விக்கென்று குறிப்பிட்ட தொகை எழுதியிருந்தால், கட்டணம் கூடும்போது வித்தியாசம் உங்கள் தலையில்தான் விழும். ‘உண்மையான கட்டணத்தை நிறுவனமே செலுத்தும்’ என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

அப்புறம் எந்த டாலர் என்று பாருங்கள். 1 கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர். 1974 முதல் இதே விகிதம்தான். உதாரணத்துக்கு, கட்டண அட்டையில் 12,000 என்று இருந்து அது கேமன் டாலரானால், அமெரிக்கக் கணக்கில் 14,400. சம்பளம் அமெரிக்க டாலரிலும் கட்டணம் கேமன் டாலரிலும் பேசப்பட்டால், கவனிக்காதவருக்கு வருடத்துக்கு 2,400 டாலர் துண்டு விழும். ஆடிட்டருக்கு இதைச் சொல்கிறேனே என்று கோபிக்காதீர்கள், சொந்தக் கணக்கில்தான் நாம் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

பாடத்திட்டம்? 3 வருடத்தில் திரும்புவது உறுதியென்றால் எதுவானாலும் சரி. 13 வயதில் வந்தால் இங்கே 8 அல்லது 9-ஆம் வகுப்பில் சேர்க்கலாம். 10-ஆம் வகுப்பில் வந்து இறங்குவதுதான் சங்கடம். வீட்டில் தமிழ் எழுத்தை மட்டும் விடாதீர்கள், திரும்பி வந்ததும் பள்ளியில் தமிழ்ப் பாடம் காத்திருக்கும். பிரிட்டிஷ் முறையில் 11 வயதில் உயர்நிலைக்கு மாறுவார்கள். ஆகவே இந்த வருடக் கட்டணத்தோடு நிறுத்தாமல், அடுத்த நிலைக்கான கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒப்பந்தம் நீண்டு அவள் அங்கேயே ஏ-லெவல் (நம் பிளஸ் டூ போன்ற பிரிட்டிஷ் தேர்வு) எழுதினால், இந்தியாவில் மருத்துவம் படிக்க ஆசையிருக்கும் பட்சத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் அவசியம்.

கிளம்பும் தேதியிலும் பணம் இருக்கிறது. அங்கே பள்ளி ஆகஸ்ட் கடைசியை ஒட்டித் திறக்கும். நீங்களும் அப்போதே போய், அந்த நிதியாண்டில் மொத்தம் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், கேமன் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. குடும்பத்தை அனுப்பிவிட்டு நீங்கள் தீபாவளி கழித்துப் போனால், அந்த வருடச் சம்பளத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டிவரும்.