சாக்கெட் சரியாக இருக்கிறதா?

வணக்கம் சார்,

போரில் கால் இழந்த மேஜர் கார்டோசோவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டுப் போனைக் கட்டிலில் வீசிவிட்டான். காஷ்மீரில் கண்ணிவெடியில் அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய் இரண்டு வருடம் ஆகிறது. பென்ஷன் வருகிறது. செயற்கைக் கால் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. இல்லாத பாதம் எரிகிறது என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்கிறாள். எங்கள் ஊரில் பாதி வீடு பட்டாளத்து வீடு. எல்லோரும் ‘தைரியமா இருப்பா’ என்கிறார்கள். அவன் மனதைத் தேற்ற வேறு என்ன அனுப்பலாம்?

க., வேலூர் மாவட்டம்

அன்புள்ள க.,

எதையும் அனுப்ப வேண்டாம். அந்தக் கட்டுரைக்கு நான்தான் உங்கள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 1971 போரில் சிதைந்த காலை அந்தக் கூர்க்கா படை மேஜர் குக்ரிக் கத்தியால் தானே வெட்டிக்கொண்டதை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அதற்கப்புறம் நடந்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டேன். அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் மேஜர் முகமது பஷீர், போர்க்கைதியாக இருந்த பாகிஸ்தான் ராணுவ மருத்துவர். செயற்கைக் காலோடு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பும் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. ராணுவத் தலைமைத் தளபதி ரெய்னா மலைப்பகுதியில் அவர் நடப்பதை நேரில் பார்த்த பிறகுதான் வழி திறந்தது. குக்ரிக் கதையில் இவர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

தம்பி காலைக் கழற்றிப் போட்டதற்கு மனசுதான் காரணம் என்று எல்லோருமாக முடிவுகட்டிவிட்டீர்கள். போட்டால் எங்கே வலிக்கிறது என்று யாராவது கேட்டீர்களா?

என் சித்தப்பாவுக்கு 65 போரில் கால் போனது. அவருடைய தைரியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சாக்ஸ் ஞாபகம் இருக்கிறது. காலையில் வெட்டிய காலின்மேல் இரண்டு பருத்தி சாக்ஸ் போட்டுத்தான் செயற்கைக் காலை மாட்டுவார். மத்தியானத்துக்குள் தொடை பக்கம் பிடிப்பு விட்டு லொடலொடக்கும். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கி மூன்றாவது சாக்ஸ் போட்டுக்கொண்டு வருவார். வெட்டிய காலின் முனை முதல் ஒன்றிரண்டு வருடம் சுருங்கிக்கொண்டே போகும். சாக்கெட் என்பது செயற்கைக் காலில் அந்த முனை நுழைகிற குழி; அப்போது அளவெடுத்தது இப்போது பொருந்தாது. கால் உள்ளே இறங்கி எலும்பு முனை இடிக்கும், தோல் உரியும். ஒரு அளவுக்கு மேல் சாக்ஸாலும் சரிக்கட்ட முடியாது, சாக்கெட்டையே மாற்ற வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்தைய செருப்பு கடித்தாலே நாம் தூக்கிப் போடுகிறோம்.

எனவே காலின் முனையைப் பாருங்கள். சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா? பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு வேலூரில் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போங்கள். புணேயில் ராணுவத்தின் செயற்கை அவயவ மையம் இருக்கிறது, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944-இல் தொடங்கியது. அங்கே அனுப்ப வழி உண்டா என்று கேளுங்கள். காகித வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நீங்களே நடங்கள். புணேக்குப் போனால் இன்னொன்றும் நடக்கும். தன்னைப் போலவே கால் போனவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பீடி கேட்பான். நீங்களும் நானும் எத்தனை கட்டுரை அனுப்பினாலும் அது ஆகாது.

எரிகிற பாதம் பேயும் இல்லை, பித்தும் இல்லை. கால் போனாலும் மூளையில் அதற்கான இடம் அப்படியே இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் இதற்குக் கண்ணாடியை வைத்து ஒரு வழி கண்டார். இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை அசைக்க வேண்டும். மூளை ஏமாந்து, போன கால் அசைவதாக நினைத்துக்கொள்ளும். எல்லோருக்கும் பலிப்பதில்லை, சிலருக்கு வலி நன்றாகவே குறைகிறது. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள், மருந்துகளும் உண்டு. அம்மாவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் மந்திரிக்கத்தான் போவாள், போகட்டும், டாக்டரிடமும் போனால் சரி.

குளியலறையைப் பற்றிக் கேட்க மறந்தேன். காலைக் கழற்றிவிட்டுத்தானே குளிக்க வேண்டும்? ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நிற்க வைக்காதீர்கள். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பாட்டி ஒரு மர ஸ்டூல் போட்டு வைத்திருந்தாள். அதை நகர்த்தினால் எங்களுக்கு அடி விழும்.

பாலிகிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். தம்பியே எழுதினால் இன்னும் நல்லது, என்னைத் திட்டி எழுதினாலும்.