தகடூர் ஔவையாரை மரபை மீறிய கவிஞர் என்பது ஏன்?

மரபை மீறிய கவிஞர் என்றால், ஊர் எதிர்பார்க்கும் அடக்கத்துக்குள் நிற்காமல் மனதில் பட்டதைப் பாடுகிறவர். சங்ககால ஔவையார் அப்படித்தான். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் பரிசில் தராமல் நாளைக் கடத்தியபோது, வாயில்காவலனிடமே 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று பாடினார். இசைக்கருவிகளையும் கட்டி எடுத்துக்கொண்டார் (புறநானூறு 206). கூலியை இழுத்தடித்தால் கரண்டியோடு கிளம்பிவிடும் நல்ல கொத்தனார் மாதிரி. கையில் தொழில் இருந்தது, அதனால்தான் அந்தத் துணிச்சல்.

அப்புறம், அதியமான் இறந்தபோது அவர் பாடியது (235) என்னை இன்றும் உலுக்கும்: கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, அவனும் மகிழ்ந்து குடிப்பான். சேர்ந்து கள் குடித்ததை ஒரு பெண் ஒளிக்காமல் சொல்லி அழுகிறார்.

பலர் நினைப்பதுபோல ஆத்திசூடி எழுதியவர் இவரல்ல. அந்த ஔவையார் பல நூற்றாண்டு பிந்தியவர்.