அப்பீலுக்கும் அதே வக்கீலா?

பங்குதாரரோட வழக்குல தோத்துட்டோம், அப்பீலுக்கும் அதே வக்கீல் போதுமான்னு கேட்டிருக்கீங்க. அவர் திறமைசாலியாவே இருக்கலாம், ஆனா அப்பீல் வேற மாதிரி வேலை. அங்க புது சாட்சி, புது ஆவணம் பெரும்பாலும் எடுபடாது. கீழ்க்கோர்ட் பதிவுல இருக்கறதை வெச்சே, தீர்ப்பு எங்க தப்புன்னு எழுத்துல காட்டணும். குறுக்கு விசாரணையில வெளுத்து வாங்கறவர்கூட இதுல சொதப்பலாம்.

புது வக்கீலைப் பார்த்தா முதல்ல தீர்ப்பு நகலைக் கையில கொடுங்க. அதைப் புரட்டாமலே "ஜெயிச்சிடலாம்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க. அவர் முன்னாடி போட்ட அப்பீல் மனு ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு காரணத்துக்கும் சாட்சியத்தோட பக்க எண் இருக்கான்னு பாருங்க. வாதாடப்போறது அவரா, ஜூனியரா? இதையும் ஃபீஸையும் எழுதி வாங்கிடுங்க.

ஆனா இதையெல்லாம் ஆற அமர செய்ய முடியாது, அப்பீல் போடறதுக்கான கெடு ஓடிட்டிருக்கு. இன்னொண்ணு, அப்பீல் போட்டதுமே, தீர்ப்புல கட்டச் சொன்ன பணத்தைக் கட்டறது தானா நின்னுடும்னு இருந்துடாதீங்க. தடை உத்தரவை பொதுவா தனியா கேட்டு வாங்கணும், அதுக்கு ஒரு பகுதியை டெபாசிட் கட்டச் சொல்லலாம். அந்தத் தொகையே புரட்ட முடியாதுன்னா, திவால் வழக்கு பார்க்கறவர்கிட்டயும் இந்த வாரமே பேசிடுங்க.