பட்டை மாத்தப்போய் விரல் போன கதையும் சில கேள்வி பதிலும்

போன வாரம் கொருக்குப்பேட்டையில ஒரு வீட்டு வாசல்ல, குட்டி யானைக்கு (சின்ன லோடு வண்டிதான்) பின்பக்க பட்டை, அதாவது வண்டி வெயிட்டைத் தாங்கற, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின வளைஞ்ச இரும்பு ஸ்பிரிங், மாத்தும்போது ஒரு பையனுக்கு ரெண்டு விரல் நசுங்கிடுச்சு. அதுலேர்ந்து ஆளாளுக்கு என்னைக் கேக்கறாங்க. மாதவரத்துல இருபத்தாறு வருஷமா லாரி அடியில படுத்து எழுந்தவன்ற முறையில தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஜாக்கி சாஞ்சிடுச்சாணா? (தண்டையார்பேட்டை)

இல்ல தம்பி. வண்டி அசையவே இல்ல, ஜாக்கி கல்லு மாதிரி நின்னுச்சு. ஆனா ஜாக்கியை ஆக்சிலுக்கு, அதாவது ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கற தண்டுக்கு, அடியில கொடுத்துத் தூக்கியிருக்காங்க. அப்படித் தூக்கினா டயர் தரையை விட்டுடும், ஆனா வண்டியோட வெயிட்டு முழுக்க பட்டை மேலதான் உக்காந்திருக்கும். டயர் சுத்துது, லோடு இறங்கிடுச்சுன்னு நினைச்சு பட்டை முனையை வண்டியோட மாட்டியிருக்கற ஷாக்கிள் பின்னைத் தட்டிட்டான். பின் வெளிய வந்த நொடியில பட்டை முனை மேல எகிற, சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) கீழ இறங்க, நடுவுல அவன் கை. பட்டைன்றது வளைச்சு வெச்ச வில்லு. நாண் எங்க இருக்குன்னு பாக்காம அவுத்தா இப்படித்தான்.

சேசிஸுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வெச்சு, ஆக்சிலைத் தொங்க விடணும். அப்புறம் இன்னொரு ஜாக்கியை ஆக்சில் அடியில வெச்சு கொஞ்சம் ஏத்தி, கொஞ்சம் இறக்கிப் பாருங்க. ஒரு உயரத்துல பின் லேசா ஆடும். கழட்டற இடம் அதான். அசையவே இல்லன்னா துருவை மட்டும் திட்டாதீங்க, உயரமும் தப்பா இருக்கும். அப்பவும் ஓட்டைக்குள்ள விரலை விட்டு நேரா இருக்கான்னு தடவிப் பாக்கக் கூடாது. ராடை விட்டுப் பாருங்க.

எங்க தெரு மண் தரைணா. பாட்டில் ஜாக்கி போதுமா? (காசிமேடு)

கடலோர மணல்ல ஜாக்கி ஒரு பக்கமா இறங்கும். தூக்கும்போது தெரியாது, நீங்க ஸ்பேனரைப் போட்டு இழுக்கும்போதுதான் சாயும். கெட்டியான பலகையை அடியில போடுங்க. ஹாலோ பிளாக் கல்லு வேணாம், திடீர்னு நொறுங்கிடும். ஜாக்கின்றது தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு ஸ்டாண்டு வேணும். அந்த வண்டி காலியா இருந்தாலே கிட்டத்தட்ட ஒரு டன்னு.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்லயும் விட்டா வண்டி உருளாதுல்ல? (வியாசர்பாடி)

நல்ல கேள்வி, இதுல அனுபவஸ்தனே ஏமாறுவான். இந்த மாதிரி வண்டிங்கள்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்னாடி ரெண்டும் அந்தரத்துல இருந்தா எதைப் பிடிச்சு என்ன? கியர் இன்னும் மோசம். ஒரு பக்கம் மட்டும் தூக்கினீங்கன்னா, தூக்கின சக்கரம் ஒரு பக்கமும் தரையில இருக்கறது மறுபக்கமும் சுத்தறதுக்கு டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவுல இருக்கற பல்சக்கர டப்பா) விட்டுடும், வண்டி நைசா நகரும். முன் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை போடுங்க.

சென்டர் போல்ட் மட்டும் போயிடுச்சு. வீட்லயே போட்டுக்கலாமா? (திருவொற்றியூர்)

என் இடது கை நடுவிரல் அரை இஞ்சு குறைவு. காரணம் இந்தக் கேள்விதான். 2003-ல ஒரு ஷெட்டுல, பட்டை செட்டைக் கீழ இறக்கியாச்சே, இனி என்ன ஆகப்போகுதுன்னு நட்டைக் கழட்டினேன். ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு வேற. சேர்த்து இறுக்கி வெச்சிருக்கறதே அந்த போல்ட்தான். கடைசி மரை விட்டதும் பிரிஞ்சு அடிச்சுது. போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பெரிய சி கிளாம்ப் (திருகி இறுக்கற இரும்புப் பிடி) போட்டு, போல்ட்டை எடுத்தப்புறம் ரெண்டையும் மாத்தி மாத்தித் தளர்த்தணும். கிளாம்ப் இல்லன்னா பட்டறைக்குத் தூக்கிட்டுப் போங்க.

உடைஞ்ச பட்டைக்கு வெல்டிங்?

வேணாம். சூடு பட்டா அந்த இரும்போட பதமே போயிடும். வெல்டிங் நின்னாலும் பக்கத்துலேயே உடையும்.

பின்னை அடிக்கும்போது கண்ணுல பொடி மாதிரி ஏதோ விழுந்துச்சு. ரெண்டு நாளா உறுத்துது. (எர்ணாவூர்)

இதைப் படிச்சுட்டு இருக்காதீங்க, கிளம்புங்க. கெட்டி இரும்பை இரும்புச் சுத்தியால அடிச்சா சில்லு தெறிக்கும், கண்ணுக்குள்ளயே போய் உக்காந்திருக்கலாம். கசக்காதீங்க, கர்ச்சீப் முனையை விட்டு எடுக்கப் பாக்காதீங்க. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-லேர்ந்து இருக்கு, அங்க போய் இரும்பு அடிச்சேன்னு மறைக்காம சொல்லுங்க. அடுத்த தடவை நடுவுல பித்தளை ராடு, கண்ணுக்குக் கண்ணாடி.

விரல் துண்டாயிட்டா? ஐஸ்ல போடணுமா? (ராயபுரம்)

நேரா ஐஸ்ல போட்டா விரல் கெட்டுடும். சுத்தமான ஈரத்துணியில சுத்தி, தண்ணி புகாத கவர்ல கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க. காயத்தைத் துணியால அழுத்திப் பிடிச்சு, கையைத் தூக்கி வெச்சுக்கிட்டு 108-க்கு அடிங்க. உங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. டாக்டர் வெங்கடசாமி வளர்த்த கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு அங்கதான். நம்ம கொருக்குப்பேட்டை பையனையும் அங்கதான் சேர்த்திருக்கு.

காலோ தொடையோ வண்டிக்கு அடியில ரொம்ப நேரம் மாட்டியிருந்தா, எவ்வளவு நேரம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. வெளிய காயமே தெரியாது, ஆனா நசுங்கின சதையிலேர்ந்து வர்றது கிட்னியைக் கெடுக்கும். மூத்திரம் கறுப்பா வந்தா உடனே ஓடுங்க.

என் வீட்டுக்காரர் கிளீனர்ணா. ஓனர் சொல்லித்தான் அடியில போனாரு, இப்போ ஓனர் கையை விரிக்கிறாரு. (மணலி)

ஓனர் கையை விரிச்சா முடிஞ்சுபோற விஷயம் இல்லம்மா. வேலையில அடிபட்டா முதலாளி இழப்பீடு கொடுக்கணும்னு 1923-லயே இங்க சட்டம் வந்தாச்சு. ஆஸ்பத்திரி சீட்டுல "வேலை செய்யும்போது"ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. டிஸ்சார்ஜ் சீட்டு, சம்பளம் வந்த கணக்கு, போன்ல ஓனர் பேசினது எதையும் அழிக்காதீங்க. தொழிலாளர் துறை ஆபீஸ்ல போய்க் கேளுங்க. வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து மட்டும் வேணாம்.

பழைய யூ போல்ட்டையே திரும்பப் போடலாமா?

பட்டையை ஆக்சிலோட சேர்த்துக் கட்டிப் பிடிக்கறதே அதான், புதுசு போடுங்க. நாலு நட்டையும் குறுக்கால மாத்தி மாத்தி இறுக்கி, லோடோட ஒரு டிரிப் போயிட்டு வந்து திரும்ப இறுக்குங்க. கொருக்குப்பேட்டை வண்டி இன்னும் வாசல்லதான் நிக்குது, ஞாயித்துக்கிழமை நான் போய் முடிச்சுத் தரப்போறேன். யார்கிட்டயாவது பெரிய சி கிளாம்ப் இருந்தா கொடுத்து உதவுங்க, என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.