லேப்டாப் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

கேள்வி: என் மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். தினமும் 8 மணி நேரம் லேப்டாப் ஓடுகிறது. அதன் சார்ஜரில் '100–240 வோல்ட், 1.7 ஆம்பியர்' என்று போட்டிருக்கிறது. 240-ஐ 1.7-ஆல் பெருக்கினேன், 408 வாட் வந்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு 3 யூனிட்டுக்கு மேல் ஆகிறதே! என் கணக்கு சரிதானா, சார்?

பதில்: பெருக்கல் சரிதான் அம்மா, எடுத்துக்கொண்ட எண்தான் சரியில்லை. அந்த 1.7 ஆம்பியர் என்பது சார்ஜர் இழுக்கக்கூடிய உச்சம். வெறும் 100 வோல்ட் கிடைக்கும் இடத்தில், முழுச் சுமையோடு ஓடினால் எவ்வளவு தேவைப்படும் என்று, கொஞ்சம் தாராளமாகவே வைத்து அச்சிடுவார்கள். 240 வோல்ட்டில் அது அவ்வளவு இழுக்காது. அதே லேபிளில் அடுத்த வரியைப் பாருங்கள். 'அவுட்புட் 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர்' என்பது போல ஏதாவது இருக்கும். பெருக்கினால் 65 வாட். இதுவும்கூட சார்ஜரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதுதான். குடம் எவ்வளவு கொள்ளும் என்பதை வைத்து நாம் எவ்வளவு குடித்தோம் என்று சொல்ல முடியாதில்லையா?

பிளக் பாயிண்டுக்கும் சார்ஜருக்கும் நடுவில் சொருகும் பவர் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். என் மேசையில் அது எப்போதும் இருக்கும். என் 14 அங்குல லேப்டாப்பை, பேட்டரி முழுக்க ஏறிய பிறகு அதில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் செய்யாமல் திரை மட்டும் எரியும்போது 8 வாட். தட்டச்சு செய்யும்போது 9, 11, 10 என்று ஏறி இறங்கும். ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தால் அந்த நொடியே 24-க்குத் தாவும், பக்கம் வந்ததும் மெல்ல இறங்கும். திரை வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றினால் 4 வாட் கூடும். வீடியோ காலில் 20-க்குக் கீழே இறங்குவதே இல்லை. பேட்டரி காலியாக இருக்கும்போது மாட்டினால் 60-ஐத் தாண்டிவிடும். அதில் பெரும்பகுதி பேட்டரிக்குள் போய்ச் சேருகிறது, பிறகுதான் செலவாகும்.

அதனால் அந்த நேரத்தில் தெரியும் வாட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மீட்டரில் கிலோவாட்-அவர் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். காலையில் அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, பேட்டரி எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் பேட்டரி அதே சதவீதத்தில் இருக்கும்போது பாருங்கள். எனக்கு 8 மணி நேரத்துக்கு 0.13 வந்தது. யூனிட் என்று நாம் சொல்வதே 1 கிலோவாட்-அவர்தான். ஆக, ஒரு யூனிட் தீர எனக்கு ஏழு வேலை நாளுக்கு மேல் ஆகிறது. மகன் தனி மானிட்டர் வைத்திருந்தால் அதையும் சேர்த்தே அளந்துவிடுங்கள், பல நேரம் அது லேப்டாப்பைவிடக் கூடுதலாக இழுக்கும்.

கேள்வி: என்னிடம் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளப்பது) இருக்கிறது. சார்ஜர் ஒயரில் மாட்டினால் 0 காட்டுகிறது. உறையைக் கீறி ஒரு ஒயரை மட்டும் பிரித்து மாட்டினால் 0.15 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 34 வாட்டுக்கு மேல் வருகிறது. நண்பரின் பவர் மீட்டரோ 18 வாட் என்கிறது. எதை நம்புவது?

பதில்: பவர் மீட்டரை நம்புங்கள். இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வினால், போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதனால்தான் 0. அந்த 34 என்பது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேமித்துவைக்கும் பாகம்), வோல்டேஜ் அலை உச்சிக்கு வரும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும் 'மடக் மடக்' என்று கரண்டை இழுக்கும், மற்ற நேரம் சும்மா இருக்கும். உண்மையான வாட்டுக்கும் இந்த வோல்ட்-ஆம்பியருக்கும் உள்ள விகிதம்தான் பவர் ஃபேக்டர். உங்கள் கணக்கில் 18-ஐ 34.5-ஆல் வகுத்தால் சுமார் 0.52. சின்னச் சார்ஜர்களில் இது சகஜம். பவர் மீட்டர் ஒவ்வொரு கணத்திலும் வோல்டேஜையும் கரண்டையும் சேர்த்துப் பெருக்கிச் சராசரி எடுக்கிறது, அதனால் உண்மையான வாட் கிடைக்கிறது. அப்புறம், தயவுசெய்து ஒயரைக் கீறாதீர்கள். கீறிய ஒயரை இனி பயன்படுத்தவும் வேண்டாம்.

கேள்வி: கம்ப்யூட்டரிலேயே ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். 'பேக்கேஜ் பவர் 4 வாட்' என்று காட்டுகிறது. லேப்டாப் மொத்தமே இவ்வளவுதானா?

பதில்: இல்லை, அது பிராசஸர் சிப்பின் கணக்கு மட்டும். 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து இன்டெல் சிப்புகள் தம் செலவைத் தாமே சொல்கின்றன. திரை, எஸ்எஸ்டி, வைஃபை, விசிறி, சார்ஜரில் சூடாக வீணாவது எதுவும் அதில் வராது. ஆனால் ஒரு வேலை சிப்பை எவ்வளவு வாட்டுகிறது என்று ஒப்பிட இதைவிட வசதியான வழி இல்லை.

கேள்வி: லேப்டாப்பைக் கழற்றிவிட்டு சார்ஜரை மட்டும் பிளக்கில் விட்டுவைத்தால்?

பதில்: மிகச் சொற்பம். 2016-இல் அமெரிக்காவில் அமலுக்கு வந்த விதிப்படி, 49 வாட்டுக்கு மேற்பட்ட வழக்கமான லேப்டாப் சார்ஜர் சும்மா இருக்கும்போது 0.21 வாட்டைத் தாண்டக் கூடாது. வருடம் முழுக்க விட்டாலும் 2 யூனிட்டுக்குள்தான். பழைய சார்ஜர் தொட்டால் சூடாக இருக்கிறது என்றால் மட்டும் கழற்றி வையுங்கள்.

கேள்வி: மீட்டர் எதுவும் வாங்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்று ஒரு வரி இருக்கும். என் பேட்டரி புதிதில் 50 வாட்-அவர், இப்போது 41. இந்த இரண்டாவது எண்ணைத்தான் எடுக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு 90 சதவீதத்திலிருந்து 40 வரும்வரை வேலை பார்த்தேன், 2 மணி நேரம் ஆனது. 41-இல் பாதி 20.5, அதை 2-ஆல் வகுத்தால் சுமார் 10 வாட். சார்ஜரிலும் பேட்டரியிலும் வீணாவதைச் சேர்த்தால் பிளக்கில் 12 வாட் போல வரும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். பேட்டரியில் ஓடும்போது பவர்டாப் என்ற சாஃப்ட்வேர் நேரடியாகவே வாட்டைச் சொல்லிவிடும்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டுமே, அதன் பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-நொடி, அதை 3200-ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு 1125. அப்படியானால் 1125-ஐ, இரண்டு சிமிட்டலுக்கு இடையே ஆகும் நொடிகளால் வகுத்தால் வாட். ஒரு நாள் இரவு ஃபிரிட்ஜ், ரவுட்டர் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முன்பே இறக்கி வைத்த வீடியோவை லேப்டாப்பில் ஓடவிட்டு, டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்றேன். ஒரு சிமிட்டலில் கடிகாரத்தை ஓடவிட்டு, அதன் பிறகு பத்து எண்ணினேன். 9 நிமிடம் 40 நொடி ஆனது. ஒன்றுக்கு 58 நொடி, அதாவது 19.4 வாட். உள்ளே வந்து பவர் மீட்டரைப் பார்த்தேன், 19-க்கும் 20-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.