சேகா நடையும் சீக்வென்சரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் குழு மொரிஷியஸில் திருமண வரவேற்புகளில் தமிழ்ப் பாடல்களையும் இந்தத் தீவின் ஆட்ட இசையான சேகாவையும் கலந்து வாசித்து வருகிறது. இதுவரை பதிவுசெய்த இசையை மடிக்கணினியில் ஓடவிட்டு, அதன்மேல் பாடினோம். இப்போது தனிக்கருவியாக விற்கப்படும் மிடி (மின்னிசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) சீக்வென்சர் ஒன்றை வாங்க எண்ணுகிறோம். அது பயன் தருமா? (ரோஸ் ஹில் வாசகர்)

பதில்: நிச்சயமாகப் பயன் தரும். ஆனால் சீக்வென்சர் தானாக ஒலி எழுப்பாது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். எந்தச் சுரத்தை, எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்துடன் வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகளை மட்டுமே அது நினைவில் வைத்து, உங்கள் கீபோர்டுக்கு அனுப்புகிறது. ஒலியைத் தருவது கீபோர்டுதான். ஆகவே, புல்லாங்குழலுக்கு எழுதிய மெட்டை வீணைக்கு மாற்றுவதும், வேகத்தைக் குறைப்பதும், பாடகரின் தொண்டை சோர்ந்திருக்கும் நாளில் சுருதியை ஒரு கட்டை இறக்குவதும் சில நொடிகளில் முடிகிற வேலை. சுருதியை மாற்றும்போது தாளத் தடத்தை மட்டும் விலக்கி வையுங்கள். ஜெனரல் மிடி என்ற பொது முறையில், தாளத்துக்கென ஒதுக்கிய பத்தாம் சேனலில் (வழியில்) ஒவ்வொரு சுரமும் ஒரு தாளக் கருவியைக் குறிப்பதால், அதையும் சேர்த்து இறக்கிவிட்டால் ஒரு கருவி ஒலிக்க வேண்டிய இடத்தில் வேறொரு கருவி ஒலிக்கும்.

மேடையில் இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கியதும் பாடகர் பல்லவியை இன்னும் நான்கு முறை பாட விரும்புவார். பதிவுசெய்த இசையோ அவருக்காகக் காத்திராமல் சரணத்துக்குப் போய்விடும். சீக்வென்சரில் பல்லவியையும் சரணத்தையும் தனித்தனிப் பேட்டர்ன்களாக எழுதி வைத்தால், அடுத்த பொத்தானை நீங்கள் அழுத்தும்வரை பல்லவியே சுழன்றுகொண்டிருக்கும். பெரும்பாலான கருவிகளில், அழுத்திய பின்னும் நடப்புச் சுற்று முடிந்த பிறகே மாற்றம் நிகழ்வதால் தாளம் அறுபடாது.

கேள்வி: என்னிடமுள்ள கருவியில் 16 படிகள்தாம் (சுரங்களை இடும் கட்டங்கள்தாம்) இருக்கின்றன. சேகாவின் ஆறெட்டுத் தாளத்தை (மும்மூன்றாக ஆறு எண்ணும் தாளத்தை) அதில் எழுதினால் நடை வருவதில்லை. என்ன செய்யலாம்? (கத்ர் போர்ன் வாசகர்)

பதில்: 16 படிகளையும் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தடத்தின் நீளத்தை 12 படிகளாகச் சுருக்குங்கள். ஆறு படிகளுக்கு ஒரு அடியாக இரண்டு அடிகள் கிடைக்கும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கருவி நான்கு படிகளையே ஒரு அடியாக எண்ணுவதால், நிமிடத்துக்கு 110 அடி என்ற வேகத்தில் நீங்கள் ஆட விரும்பினால், அதை ஒன்றரை மடங்காக்கி 165 என்று டெம்போவைக் குறிக்க வேண்டும். படியின் அளவை டிரிப்லெட்டாக (ஒரு அடிக்கு மூன்று படிகளாக) மாற்றும் வசதி இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்: 6 படிகள் போதும், டெம்போ 110 ஆகவே இருக்கட்டும். கருவிகளை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் மிடி கிளாக் ஒரு அடிக்கு 24 துடிப்புகளை அனுப்புகிறது. 24 என்பது மூன்றால் மீதமின்றி வகுபடுவதால், டிரிப்லெட் நடையில் ஓடும் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று பிசகாமல் தொடரும்.

இவ்வளவு செய்தும் நடை வரவில்லை என்றால், குறை கணக்கில் இல்லை. சேகாவின் தோல்பறையான ரவானை வாசிப்பவரின் கையைச் சற்று அருகில் அமர்ந்து கவனியுங்கள். நம் ஊர்களில் பறையைக் காய்ச்சுவதைப் போலவே ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டிய பிறகே அவர் வாசிக்கத் தொடங்குகிறார். அவருடைய அடிகள் மூன்று சமக் கூறுகளில் அச்சடித்ததுபோல் விழுவதில்லை. சில முந்துகின்றன, சில பிந்துகின்றன, அந்தச் சிறு விலகலில்தான் ஆட்டம் பிறக்கிறது. குவாண்டைஸ் செய்தால் (அடிகளைச் சம இடைவெளிக்குக் கருவியே நகர்த்தினால்) எல்லா அடிகளும் கோட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும், சேகா செத்துவிடும். 2014இல் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் இடம்பெற்ற மரபு இது. இயந்திரத்துக்குள் கொண்டுவரும் நமக்கு அதன் நடையைக் காக்கும் கடமை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகையால் படிப்படியாக எழுதாமல், டிரம் பேடில் கையால் வாசித்துப் பதியுங்கள். குவாண்டைஸின் அளவைக் குறைக்க முடிந்தால் பாதிக்கும் கீழே வையுங்கள். மேடையில் உண்மையான ரவான் இருக்கும் நாளில் இயந்திரத்தின் தாளத் தடத்தை முழுவதும் அடக்கிவிட்டு, பேஸும் (அடிச்சுரங்களும்) கார்டுகளும் (கூட்டுச் சுரங்களும்) மட்டும் ஓடட்டும். டெம்போவையும் ரவான் வாசிப்பவர் அடிக்கும் வேகத்தைக் கேட்டு டேப் (tap) பொத்தானைத் தாளத்தோடு தட்டி அமையுங்கள்.

கேள்வி: நிகழ்ச்சி நடுவே ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. கருவி பழுதா? (வாக்வா வாசகர்)

பதில்: பெரும்பாலும் பழுதாக இராது. சுரம் தொடங்க ஒரு கட்டளையும் முடிய ஒரு கட்டளையும் தனித்தனியே செல்கின்றன. இடையில் கம்பி கழன்றாலோ, சுரம் ஒலிக்கும்போதே கீபோர்டின் சேனலை மாற்றினாலோ, முடிக்கும் கட்டளை போய்ச் சேராது. கீபோர்டு அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும். எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் கட்டளை மிடியில் 123ஆம் கண்ட்ரோல் எண்ணாக உள்ளது. பல சீக்வென்சர்களில் நிறுத்து பொத்தானை இருமுறை அழுத்தினால் அந்தக் கட்டளை போகும். உங்கள் கருவியில் எந்தப் பொத்தான் என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே வீட்டில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். மாற்றுக் கம்பி ஒன்றையும் பையில் வைத்திருங்கள்.